பழைய டர்ட் பைக்குக்கு விறைப்பான ஃபோர்க் ஸ்பிரிங்: எப்படித் தேர்வது?

பிரேக் பிடித்தால் முன்பக்கம் குத்துகிறது, சின்னக் குதிப்புக்கே ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும், உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும் உள்ள இரட்டைக் குழாய்) முழுவதும் அமுங்கி அடிதட்டுகிறது என்றதும் புது ஸ்பிரிங் வாங்கக் கை பரபரக்கும். பொறுங்கள். ஆண்டுக்கணக்கில் ஓடிய ஸ்பிரிங் நீளம் குறைந்திருக்கலாம், ஆயிலும் கசிந்திருக்கலாம். சர்வீஸ் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச நீளத்தோடு ஒப்பிட்டு, ஆயிலை மாற்றிய பிறகு அளப்பதுதான் நம்பகமானது.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வெளியே தெரியும் ஃபோர்க் குழாயின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, வண்டி மட்டும் தரையில் நிற்கும்போது ஓர் அளவு. பிறகு ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு ஏறி உட்கார்ந்து ஓர் அளவு. பழைய ஃபோர்க்கில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) குழாயைப் பிடித்துக்கொள்வது அதிகம். அதனால் ஒவ்வொரு முறையும் அமுக்கி மெல்ல விட்டு ஒன்று, தூக்கி மெல்ல இறக்கி ஒன்று என அளந்து சராசரி எடுங்கள்.

200 மி.மீ. டிராவல் (முழுவதும் அமுங்கக்கூடிய தூரம்) உள்ள ஃபோர்க், ஆள் ஏறியதும் 50 முதல் 60 மி.மீ. அமுங்கினால் சரி. ஸ்பேசர் (ஸ்பிரிங்குக்கும் மூடிக்கும் நடுவே வைக்கும் குழாய்த் துண்டு) வைத்து அந்த அளவைக் கொண்டுவந்த பிறகு, வண்டி தன் எடைக்கு மட்டும் அமுங்கவே இல்லையென்றால் ஸ்பிரிங்கின் விறைப்பு போதவில்லை என்று பொருள். ஸ்பேசர் ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டாது. அமுங்கத் தொடங்கும் இடத்தைத்தான் தள்ளிவைக்கும். ஸ்பேசரை மட்டுமே நீட்டிக்கொண்டு போனால், ஃபோர்க் விரியும்போது மேலே "டக்" என்று இடிக்கும்.

இப்போது உள்ள ஸ்பிரிங்கின் விறைப்பைத் தெரிந்துகொள்ளாமல் புதியதை வாங்கக் கூடாது. கம்பியின் தடிமனை (மி.மீ.யில்) நான்கு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி (4.5 × 4.5 × 4.5 × 4.5 போல), அதை 8,000-ஆல் பெருக்குங்கள். ஸ்பிரிங்கின் வெளிவிட்டத்தில் கம்பித் தடிமனைக் கழித்து, அந்த விடையை அதேபோல் மூன்று முறை எழுதிப் பெருக்கி, அதை 8-ஆலும் வேலை செய்யும் சுற்றுகளின் (முனைச் சுற்றுகள் நீங்கலாக) எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால், ஒரு மி.மீ.க்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும். 4.5 மி.மீ. கம்பி, 30 மி.மீ. வெளிவிட்டம், 60 சுற்று என்றால் சுமார் 0.41. கம்பி அளவில் 0.1 மி.மீ. பிசகினாலே விடை சுமார் 10 சதவீதம் மாறிவிடும். துருவைத் துடைத்துவிட்டு வெர்னியரில் பல இடங்களில் அளக்க வேண்டும்.

முதல் மாற்றத்துக்கு விறைப்பு 10 சதவீதம் கூடினால் போதும். கனமான ஆளுக்கும், குதிப்புகள் நிறைந்த பாதைக்கும் 15 முதல் 20 வரை போகலாம். ஃபோர்க்கின் ஒரு காலில் பழையது, மற்றதில் புதியது என்று போட்டால் கூடுதல் விறைப்பில் பாதி மட்டும் ஏறும். இரண்டு காலும் ஒரே அச்சில் இறுகப் பிடித்திருப்பதால் அது வேலை செய்யும்.

இனிதான் பலர் கோட்டைவிடும் இடம். ஸ்பிரிங்கின் நீளம் 500 மி.மீ., ஃபோர்க்கின் மேல் மூடி போட்டதும் 15 மி.மீ. அமுங்குகிறது, டிராவல் 200 என்றால் கடைசியில் மிஞ்சுவது 285. முனைகளையும் சேர்த்து 62 சுற்றுகள், 4.5 மி.மீ. கம்பி: சுருள்கள் ஒட்டிக்கொள்ளும் நீளம் 279. இடைவெளி 6 மி.மீ.தான். இன்னும் 10 மி.மீ. ஸ்பேசர் சேர்த்தால், ஃபோர்க் அடிதட்டுமுன்பே சுருள்கள் முட்டி, அடி முழுவதும் மூடியின் மரையில் விழும். ஸ்பிரிங்கை வெட்டி விறைப்பாக்குவோரும் இந்தக் கணக்கைப் போட வேண்டும்: 60 சுற்றை 54 ஆக்கினால் விறைப்பு 11 சதவீதம் கூடும், அமுங்கும் தூரமும் பத்தில் ஒரு பங்கு குறையும்.

மாட்டும்போது, காற்று வால்வு இருந்தால் முதலில் காற்றை வெளியேற்றுங்கள். ஃபோர்க் குழாயைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திய பிறகே மூடியைத் திருகுங்கள்; கடைசி மரையில் மூடி தெறிக்கும் என்பதால் அழுத்திப் பிடித்துக் கழற்றுங்கள். ஸ்பிரிங்கை எடுத்து, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி ஆயில் மட்டத்தை அளக்க வேண்டும். விறைப்பான ஸ்பிரிங் வேகமாகத் திரும்பி எழும். 10 டபிள்யூ ஆயிலுக்குப் பதில் அதைவிடத் தடித்த 15 டபிள்யூ ஊற்றினால் அடங்கும். அதற்குமேல் தடித்தால், டேம்பர் ராட் (துளைகள் வழியே ஆயிலைச் செலுத்தி அசைவை அடக்கும் தண்டு) உள்ள பழைய ஃபோர்க் கல் பாதையில் கையை உதறும்.

குழாயில் ஒரு ஜிப் டை கட்டி ஓட்டிப் பாருங்கள். மிகப் பெரிய குதிப்பில் கடைசி 10 மி.மீ. மிஞ்சினால் தேர்வு சரி. முன்பக்கம் உயர்ந்து ஹேண்டில் மந்தமானால், ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் 5 மி.மீ. மேலேற்றுங்கள்.