ஸ்லாப் டேங்க்ல ஸ்டீம் தொறக்குறதுக்கு முன்னாடி

கடலூர் சிப்காட் பக்கம் டேங்க் ஃபார்ம்ல (எண்ணெய் டேங்குங்க இருக்குற எடம்) புதுசா சேர்ற தம்பிங்களுக்கு, ஸ்லாப்னா கழிவு எண்ணெய்தானேன்னு அசால்ட்டா இருக்காதீங்க, அதுல நாஃப்தா (சீக்கிரம் ஆவியாகி தீப்பிடிக்குற லேசான எண்ணெய்), டீசல், கனமான எண்ணெய், தண்ணி எல்லாம் கலந்து கெடக்கும்.

மொதல்ல அடித்தண்ணிய பாருங்க. டிப் டேப்ல (டேங்க் ஆழம் அளக்குற டேப்) தண்ணி பட்டா நிறம் மாறுற வாட்டர் ஃபைண்டிங் பேஸ்ட் தடவி எறக்குனா நிறம் மாறுன எடம் வரைக்கும் தண்ணி, அத ட்ரெயின் பண்ணிட்டுதான் எண்ணெய சூடாக்குற ஸ்டீம தொறக்கணும், ஐப்பசி கார்த்திகை மழையில ரூஃப் வழியா எறங்குன தண்ணியும் சேர்ந்திருக்கும். ஏன்னா தண்ணி 100 டிகிரி தாண்டி ஆவியாச்சுன்னா சுமார் 1,700 மடங்கு விரியும், மேல இருக்குற எண்ணெய அப்படியே நுரையா தூக்கி வெளிய கொட்டிரும். அதனால 90க்கு கீழயே நிறுத்துங்க, நாஃப்தா நெறைய வந்திருந்தா அதுவே ரொம்ப அதிகம், ஃபிளாஷ் பாயிண்ட் (எண்ணெய் ஆவி தீப்பிடிக்கக்கூடிய அளவுக்கு வர்ற குறைஞ்ச சூடு) லேப்ல பாக்காம சூடே வேணாம். மெதுவா ஏத்துங்க, மேல நடுவுல அடியில மூணு எடத்துலயும் சூடு பாருங்க, நடுவுல எண்ணெயும் தண்ணியும் பிரியாம கலந்த எமல்ஷன் நிக்கும், ஒரே தெர்மாமீட்டர நம்ப முடியாது.

ஸ்டீம் காயில் (டேங்க்குள்ள ஸ்டீம் ஓடுற குழாய்) எப்பவும் எண்ணெய்க்குள்ள முழுகியே இருக்கணும், லெவல் எறங்குனா மொதல்ல ஸ்டீம மூடுங்க.

டேங்க் மேல ஏறி ஹேட்ச் (மூடி) தொறக்குறப்போ காத்து முதுகுல அடிக்கிற மாதிரி நில்லுங்க, ஹெச்டூஎஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடுங்குற விஷ வாயு) மீட்டர் சட்டையில இருக்கணும். அந்த கேஸோட அழுகின முட்டை வாசம் நின்னுபோச்சுன்னா கேஸ் போயிருச்சுன்னு அர்த்தமில்ல, மூக்கு செத்துருக்கும், ஒடனே எறங்கிருங்க.