முதல் குளிர்காலத்துக் கடன்

கனடாவுக்கு வந்த சில வாரங்களில் நீங்கள் வங்கிக் கணக்குத் திறக்கப் போகும்போது, புதிதாக வந்தவர்களுக்கென்று ஒரு கடனட்டையையும் சேர்த்துத் தர முன்வருவார்கள். அதை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வீடு வாடகைக்கு எடுக்கவும், பின்னர் வாகனக் கடனோ வீட்டுக் கடனோ கேட்கவும் போகும்போது, ஈக்விபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் ஆகிய இரு நிறுவனங்கள் பேணும் 300 முதல் 900 வரையான கடன் மதிப்பெண்ணையே இங்கு பார்ப்பார்கள்; ஊரில் நாம் சேர்த்த நற்பெயர் அந்தப் பதிவில் இராது. அட்டையில் சிறிதளவு வாங்கி, உரிய நாளில் முழுவதையும் கட்டிவிட்டால் அந்த மதிப்பெண் தானாகவே வளரும்.

என் கவலை நாம் கூடவே கொண்டுவரும் செலவுப் பழக்கத்தைப் பற்றியது. ஊரில் கடைக்காரர் கொப்பியில் எழுதிக் கடன் தந்தாலும், கணக்கு ஏறும்போது பழையதைத் தீர்த்துவிட்டு வரும்படி முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். நகையை அடகு வைத்தால், அதன் பெறுமதிக்கு மேல் யாரும் பணம் தருவதில்லை. நம் கையை அந்நாளில் கட்டிவைத்திருந்தவை இந்தத் தடைகளே. அட்டையோ கொடுத்த எல்லையை எட்டும்வரை எதையும் கேட்பதில்லை.

நான் வந்த ஆண்டு, மெத்தை, குளிரங்கி, பிள்ளைகளின் சப்பாத்து என்று எல்லாவற்றையும் அட்டையிலேயே வாங்கினேன். அவை தேவையான பொருள்கள்தாம். ஆனால் அடுத்த குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து சிறிதாகிவிட்டது. பழைய சப்பாத்துக்கான கடன் அப்போதும் தீரவில்லை. வங்கி அனுப்பும் மாதாந்தக் கணக்குக் கூற்றில் அச்சிட்டிருந்த குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று நம்பியிருந்ததே அதற்குக் காரணம்.

கணக்கைப் பாருங்கள். 3,000 டொலர் நிலுவைக்கு 19.99 சதவீத வட்டி என்றால், ஒரு மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 50 டொலர். நிலுவையில் 3 சதவீதத்தைக் குறைந்தபட்சமாகக் கட்டச் சொல்லும் அட்டையானால் நீங்கள் கட்டுவது 90 டொலர். அதில் கடனைக் குறைப்பது 40 டொலரே. நிலுவை குறையக் குறையக் குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே போவதால், புதிதாக எதையும் வாங்காவிட்டாலும் அந்தக் கடன் 15 ஆண்டுகளுக்கு மேல் இழுபடும். அதே கடனுக்கு மாதந்தோறும் 150 டொலரைத் தவறாமல் கட்டினால் ஏறக்குறைய 25 மாதங்களில் தீர்ந்துவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் எவ்வளவு காலம் எடுக்கும் என்பதைக் கூற்றிலேயே அச்சிட வேண்டும் என்பது இங்கு சட்டம். அந்த வரியைத் தேடி வாசியுங்கள்.

வருமானம் உயர்ந்த பின்னும் இந்தப் பழக்கம் நம்மை விடுவதில்லை. சாமத்தியவீட்டுக்கு மண்டபம், நிழற்படக்காரர், ஊருக்குப் பயணச்சீட்டு என்று, பழைய நிலுவையின் மேலேயே புதியதும் ஏறுகிறது. ஊரில் ஒருவருக்கு அவசரம் என்றதும் அட்டையிலிருந்து காசாக எடுத்து அனுப்புவதைக் குறிப்பாகத் தவிர்க்கவேண்டும். பொருள் வாங்கினால், நிலுவை முழுவதையும் உரிய நாளில் கட்டுபவருக்குக் கூற்று முடிந்த பின் குறைந்தது 21 நாள் வட்டியில்லா அவகாசம் உண்டு. காசாக எடுத்தாலோ அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும், பெரும்பாலும் கூடிய வீதத்தில், தனிக் கட்டணத்துடன்.

ஏற்கெனவே கடன் ஏறியிருந்தால், அந்த அட்டையை வீட்டில் வைத்துவிட்டு டெபிட் அட்டையால் மட்டும் வாங்குங்கள். கடன் எல்லையை உயர்த்தலாமா என்று வங்கி கேட்டால் மறுத்துவிடுங்கள், உங்கள் சம்மதமின்றி அவர்கள் உயர்த்த முடியாது. சம்பளத்தால் சமாளிக்க இயலாத நிலை வந்துவிட்டால், கடனைக் கட்ட முடியாதவர்களின் கடன் தீர்வைக் கவனிக்க அரசு உரிமம் பெற்ற இன்சொல்வென்சி ட்ரஸ்டி ஒருவரைப் பாருங்கள். முதற் சந்திப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. வீட்டுக் கடன் நீங்கலாக 250,000 டொலர் வரையான கடனில் ஒரு பகுதியை மட்டும் ஐந்தாண்டுக்குள் செலுத்தித் தீர்க்கும் ஏற்பாட்டைக் கடன் கொடுத்தவர்களிடம் முன்வைக்க அவரால் முடியும். முற்பணம் கேட்டு, கடனை நீக்கித் தருவதாகத் தமிழிலேயே விளம்பரம் செய்பவரிடம் போகுமுன், அவருக்கு அந்த உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.