உலோகக் கலைப் பட்டம்: மலைநாட்டு மாணவருக்கு முதல் பருவம்

காட்சிக் கலைப் பட்டத்தில் உலோக வேலையை எடுக்க நினைப்பவர் கையேட்டில் பாடத்தின் பெயரைப் பார்த்ததோடு நிற்க வேண்டாம். பட்டறையை நேரில் போய்ப் பாருங்கள். வேலை மேசை எத்தனை, கேஸ் டோர்ச் எத்தனை, புகையை வெளியே இழுக்கும் விசிறி உண்டா என்று கேளுங்கள். இருபது பேருக்கு இரண்டு டோர்ச் என்றால் பருவத்தில் பாதி வரிசையில் நிற்பதிலேயே போய்விடும்.

முதல் பருவம் முழுக்கச் செம்பில் பழகுங்கள். 10 செ.மீ. சதுரம், 1 மி.மீ. தடிப்புள்ள செம்புத் தகடு ஏறத்தாழ 90 கிராம் இருக்கும். கெட்டுப்போனாலும் மனம் தாங்கும். விலை மட்டும் காரணம் இல்லை. செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும், பற்றவைக்கும் கலவையான வெள்ளிப் பொடியோ 800 பாகைக்குள் உருகி ஓடிவிடும். கை தவறினாலும் தகடு பிழைக்கும். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியுள்ள 925 வெள்ளி 800 பாகை அளவிலேயே உருகத் தொடங்குவதால், அதிகச் சூட்டில் உருகும் ‘ஹார்ட்’ வகைப் பொடி ஓடுவதற்கும் செய்யும் பொருளே உருகிக் கலங்குவதற்கும் இடையே சில பத்துப் பாகைதான் இருக்கும். (பற்றவைக்கும் கலவையைத் தட்டார் பட்டறையில் பொடி என்றே சொல்வார்கள். நீங்களும் அந்தச் சொல்லையே பழகிக்கொள்ளுங்கள்.)

இந்தத் தகட்டை அறுக்க 2/0 என்ற எண்ணுள்ள மெல்லிய வாள் அலகு போதும். பற்கள் கைப்பிடியை நோக்கிக் கீழே பார்க்க வேண்டும். அலகை விரலால் சுண்டினால் தந்தி போல் ஒலிக்கவேண்டும். மந்தமாக ஒலித்தால் தளர்ந்திருக்கிறது, உடையும். திருப்பத்தில் முன்னே தள்ளாமல், நின்ற இடத்திலேயே வாளை மேலும் கீழும் ஆட்டியபடி தகட்டைத் திருப்புங்கள்.

முதல் பயிற்சிக்கு மோதிரம்தான் நல்லது. உள் விட்டத்தோடு தகட்டின் தடிப்பைக் கூட்டி 3.14 ஆல் பெருக்குங்கள். உள் விட்டம் 17 மி.மீ., தடிப்பு 1.2 மி.மீ. என்றால் நீளம் 57.2 மி.மீ. தடிப்பைக் கூட்ட மறந்தால் ஏறத்தாழ 4 மி.மீ. குறைந்து, மோதிரம் விரலில் ஏறாது.

வளைக்கும் முன் தகட்டைக் காய்ச்சி மென்மையாக்க வேண்டும். மங்கிய சிவப்பு வந்ததும் நிறுத்தித் தண்ணீரில் போடலாம். மலையில் பலர் தடுமாறும் இடம் இதுதான். பனிமூட்டமான நாளில் அறை இருண்டிருக்கும். சூடு போதாத தகடுகூட நன்றாகச் சிவந்ததாகத் தோன்றும். வெயில் அடிக்கும் நாளில் அதே சிவப்பு கண்ணுக்கே தெரியாது, மேலும் மேலும் சூடேற்றிவிடுவீர்கள். ஆகவே ஜன்னல் வெளிச்சம் படாத ஒரு மூலையை வைத்துக்கொண்டு எப்போதும் அங்கேயே காய்ச்சுங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலை மட்டும் அடைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். எரிந்த காற்றும் உள்ளேயே தங்கும். சிலிண்டர் குளிர்ந்து சுடர் சோர்ந்தால் நெருப்புக் காட்டவே கூடாது. பெரிய சிலிண்டருக்கு மாறுங்கள்.

இனிப் பொருத்து. இரு முனைகளையும் அரத்தால் ராவிச் சேர்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளிக்கோடு தெரிந்தால் மறுபடியும் ராவுங்கள், பொடி இடைவெளியை அடைக்காது. பொடி ஓட உதவும் வெங்காரத்தை (போராக்ஸ்) தண்ணீரில் பால் பதத்துக்கு உரைத்துப் பூசி, 1 மி.மீ. சதுரப் பொடித் துண்டு ஒன்றைப் பொருத்தின் மேல் வையுங்கள். முதலில் சுடரைத் தூரத்தில் பிடியுங்கள். அவசரப்பட்டால் வெங்காரம் பொங்கித் துண்டைத் தூக்கி எறியும். அது அடங்கிக் கண்ணாடி போல் படிந்ததும், பொருத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மோதிரம் முழுவதையும் சூடேற்றி, கடைசியில் பொருத்துக்கு வாருங்கள். பளிச்சென்று ஒரு வெள்ளிக் கோடு ஓடும். அந்தக் கணமே சுடரை எடுத்துவிடுங்கள்.

பொடி உருண்டையாகத் திரண்டு நின்றால் செம்பில் அழுக்கு இருக்கும், அல்லது சுடர் பொடிமேல் பட்டு உலோகம் சூடேறாமல் இருக்கும். ஒரு பக்கமாகவே ஓடினால் அந்தப் பக்கம் அதிகம் சூடாகியிருக்கிறது. பொடி எப்போதும் சூட்டின் பின்னால் போகும்.

கருமையைப் போக்க ஒரு லீற்றர் வெந்நீரில் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீர் போதும். நுவரெலியா போன்ற இடத்துக் குளிரில் அது ஆறிப்போனால் மணிக்கணக்கில் கிடந்தாலும் வெளுக்காது, வெதுவெதுப்பாகவே வைத்திருங்கள். இரும்புக் குறடு அதில் படக்கூடாது. பட்டால் நீரில் கரைந்திருக்கும் செம்பு வேலையின் மேல் படியும், வெள்ளி சிவந்துபோகும். செம்புக் குறடோ பிளாஸ்டிக் குறடோ போதும்.

தகட்டை உளியால் தட்டி உருவம் எழுப்பும் தட்டுவேலையில், தகட்டைத் தாங்கும் அரக்கும் குளிரைக் கேட்டுத்தான் நடக்கும். குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் கலந்த இந்த அரக்கு காலையில் கல்லாக இறுகி, உளி பட்டதும் சில்லாகத் தெறிக்கும். கலவையில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, ஆறியதும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய தடம் பதிந்தால் சரி. பதியாவிட்டால் கரண்டி கரண்டியாக எண்ணெய் சேருங்கள். கண்டியில் சரியாக இருந்த கலவை நுவரெலியாவில் இறுகிப்போகும்.

கண்டிக்கு அருகே நத்தரம்பொத்தையிலும் பிலிமத்தலாவையிலும் உலோக வேலைக்காரர்களைப் பார்க்கலாம். பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கும்: செம்பு ‘தம்ப’, பித்தளை ‘பித்தல’, வெள்ளி ‘ரிதீ’, தங்கம் ‘ரத்தரன்’. இந்த நான்கையும் தெரிந்துகொண்டு போனால் கேள்வி கேட்கக் கூச்சம் இருக்காது. பித்தளை உருக்கும் இடத்தில் வெள்ளைப் புகை எழுந்தால் விலகி நில்லுங்கள். அது துத்தநாகம், சுவாசித்தால் அன்று இரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

மதிப்பீட்டில் முடித்த பொருளை மட்டும் பார்க்கமாட்டார்கள், அதைச் செய்த வழியையும் கேட்பார்கள். ஒவ்வொரு பொருத்துக்கும் 2 செ.மீ. செம்புத் துண்டு ஒன்றில் மாதிரி செய்து, அதன் பின்புறம் எண் குத்திவையுங்கள். அதே எண்ணின் கீழ்க் குறிப்பேட்டில் தடிப்பு, பொடியின் வகை, அன்றைய வானிலை, எங்கே பிசகியது என்று எழுதுங்கள். பிசகிய துண்டுகளையும் எறியாமல் அதே பெட்டியில் போட்டுவையுங்கள்.