நோர்வேச் சிறுவர் நூல்களை வாசித்துக் காட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒஸ்லோவின் கிளை நூலகங்களில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்ட ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிறார்கள். அவர்களில் தமிழ்ப் பெற்றோரும் உண்டு. ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். வேகமாக வாசிப்பது, ஒரே குரலில் ஒப்பிப்பது எல்லாம் பழகப் பழகத் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பழைய பெயர்களிலேயே நின்றுவிடுவது

நோர்வே நூல் என்றதும் பல்லுக்குள் குடியிருக்கும் இரண்டு குட்டிப் பூதங்களைப் பற்றித் தூர்பியோர்ன் எக்னர் 1949இல் எழுதிய கதை. இல்லாவிட்டால் தமிழிலும் வந்துவிட்ட 'சோஃபியின் உலகம்'. அது 1991இல் வந்தது. இரண்டும் நல்ல நூல்கள்தான். ஆனால் இன்றைய நூல்கள் என்று பட்டியல் போடும்போது 2000க்குப் பின் வந்தவற்றிலிருந்து தொடங்குங்கள்.

கதையின் வலியைத் துடைத்துவிட்டு வாசிப்பது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

ஸ்தியான் ஹூலெயின் 'கார்மன்ஸ் சொம்மர்' 2006இல் வந்த படநூல். அடுத்த ஆண்டு இத்தாலியின் பொலோன்யா சிறுவர் நூல் கண்காட்சியில் பரிசு பெற்றது. கார்மனுக்கு ஆறு வயது. கோடை முடியப்போகிறது, பள்ளி தொடங்கப்போகிறது, அவனுக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்திருக்கும் மூன்று வயோதிப அத்தைமாரிடமும் அம்மா அப்பாவிடமும் அவர்களுக்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்டுக்கொண்டே போகிறான். ஆளுக்கொரு பயம் இருக்கிறது. சாவைப் பற்றியும் கேட்கிறான். கடைசிப் பக்கத்தில் பள்ளி தொடங்க இன்னும் 13 மணி நேரம் இருக்கிறது. கார்மனுக்குப் பயம் போகவில்லை. கதை அத்தோடு முடிகிறது.

ஒரு ஜூன் மாதம், புதிதாக வந்த தன்னார்வலர் ஒருவர் அந்தப் பக்கத்தை வாசித்த கையோடு சொந்தமாக இரண்டு வரி சேர்த்தார். மறுநாள் பள்ளி நன்றாக இருந்ததாம், கார்மனுக்கு நிறைய நண்பர்கள் கிடைத்தார்களாம். பிள்ளைகள் எழுந்து பழச்சாறு குடிக்கப் போய்விட்டார்கள். பாதிப் பேருக்கு மேல் அந்த ஆகஸ்டில் முதலாம் வகுப்புக்குப் போகவிருந்த பிள்ளைகள்.

அந்தக் கடைசி வரியில் நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு பிள்ளை, பள்ளிக் கழிவறையின் பூட்டைத் திறக்க வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்கும். இன்னொரு பிள்ளைக்குத் தன் பெயரை ஆசிரியர் தப்பாகச் சொல்லிவிடுவாரோ என்ற கவலை. நீச்சல் பாடம், பெரிய வகுப்புப் பையன்கள், அம்மா கூட்டிப்போக வரப் பிந்திவிடுவது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். கார்மன் பயத்தோடு நிற்பதால்தான் இவர்களும் தங்கள் பயத்தைச் சொல்கிறார்கள். அவனைச் சமாதானப்படுத்திவிட்டால், பயப்படுகிற பிள்ளை அந்த அறையில் தனியாகிவிடுகிறது.

"பாவம், பயந்துவிடுவார்களே" என்றார் அந்தத் தன்னார்வலர். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பிள்ளைகள் அந்தப் பயத்தோடுதான் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இதைவிட மோசமாக மாட்டிக்கொள்வது 'சின்னா மன்'. குரூ டாலெ எழுதி ஸ்வெய்ன் நீஹூஸ் படம் வரைந்தது, 2003இல் வந்தது. போய் என்ற சிறுவனின் வீட்டில் அப்பாவுக்குள் இருந்து அவ்வப்போது ஒரு கோபக்கார மனிதன் வெளியே வருகிறான். பிறகு அப்பா வருந்துகிறார், இனி இப்படி நடக்காது என்கிறார். தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக அந்தச் சிறுவன் நினைக்கிறான். யாரிடமும் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. கடைசியில் அரசருக்குக் கடிதம் எழுதுகிறான். அரசர் வந்து, இது உன் தவறில்லை என்கிறார். அப்பாவுக்கும் உதவி கிடைக்கிறது. நடுப் பக்கங்களை இரண்டிரண்டாகப் புரட்டிவிட்டு அரசர் வரும் இடத்துக்குத் தாவியவர்களைப் பார்த்திருக்கிறேன். எதற்காக அந்த அரசர் வருகிறார் என்று கேட்கிற பிள்ளைக்குப் புரியுமா? வீட்டில் அதே நிலையில் இருக்கும் பிள்ளை ஒன்று அங்கே இருந்தால், அது கேட்கவேண்டிய அந்த ஒரு வாக்கியம் வெறும் சத்தமாகிப் போகிறது.

எங்கள் தமிழ்ப் பெற்றோருக்கு இந்த நூலைத் தொட இன்னொரு தயக்கமும் உண்டு. பிள்ளைகளை அடிப்பது இங்கே 1987 முதல் சட்டப்படி குற்றம். குழந்தைகள் நல அலுவலகம் என்றாலே, பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பல புலம்பெயர்ந்த வீடுகளில் ஒரு பதற்றம். இதை வாசித்தால் பிள்ளை பள்ளியில் போய் ஏதாவது சொல்லிவிடுமோ என்று என்னிடம் நேராகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். பதற்றம் எனக்கும் புரிகிறது. ஆனால் சொல்ல ஏதாவது இருக்கிற பிள்ளை சொல்லத்தான் வேண்டும். அதற்காகத்தான் அந்தப் புத்தகமே எழுதப்பட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட நூல்கள் இந்த நாட்டில் சும்மா வந்துவிடவில்லை. 1965இல் தொடங்கிய கொள்முதல் திட்டம் ஒன்று இருக்கிறது. தேர்வுக் குழு ஏற்கும் புதிய நூல்களின் பிரதிகளைக் கலாசார மன்றம் வாங்கி நாடெங்கும் நூலகங்களுக்கு அனுப்புகிறது. தொடக்கத்தில் பெரியவர்களின் இலக்கியத்துக்கு இருந்தது, பின்னர் சிறுவர் நூல்களுக்கும் வந்தது. கடையில் பெற்றோர் எடுக்கத் தயங்கும் கதையைக்கூட ஒரு பதிப்பகம் துணிந்து போட முடிவதற்கு அது பெரிய பலம். எழுத்தாளர், ஓவியர், பதிப்பகம், தேர்வுக் குழு, நூலகர் என்று இத்தனை பேர் வழிவிட்டு வந்த பக்கத்தை, வாசிக்க உட்கார்ந்த ஒருவர் கடைசி நொடியில் கையால் மூடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மாயா லுந்தெ எழுதி லீசா ஐசாதோ வரைந்த 'ஸ்னோசோஸ்தரென்' (2018) நூலுக்கும் இதே கதிதான். 24 அத்தியாயங்கள், டிசம்பரில் நாளுக்கு ஒன்றாக வாசிக்கலாம். படங்களின் அழகைப் பார்த்து, கிறிஸ்துமஸ் கதை என்று வாங்கிப் போகிறார்கள். அக்காவை இழந்த யூலியான் என்ற சிறுவனின் கதை அது. பெற்றோர் துயரத்தில் உறைந்திருக்க, வீட்டில் கிறிஸ்துமஸே வரவில்லை. ஒரு தந்தை பாதியில் நிறுத்தி, மீதியைத் தானே இனிப்பாகக் கட்டிச் சொன்னாராம். மகள் பிறகு நூலகத்தில் அதே புத்தகத்தை எடுத்து வாசித்துவிட்டு, அப்பா ஏன் பொய் சொன்னார் என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

ஆகவே, முதலில் வீட்டில் தனியாக வாசித்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத நூல் என்றால் அன்றைக்கு வேறு நூலை எடுங்கள். எடுத்துவிட்டால் முழுதாக வாசியுங்கள்.

எழுத்தை மட்டும் வாசித்துப் பக்கத்தைத் திருப்புவது

ஓய்விந்த் தூர்செத்தரின் 'ஹுல்லெ'யில் (2012) எல்லாப் பக்கங்களையும் துளைத்துக்கொண்டு நிஜமாகவே ஒரு ஓட்டை போகிறது; சொற்கள் கொஞ்சம்தான். கிறிஸ்தீன் ருஸ்கிஃப்தெயின் 'அல்லெ சம்மென் தெல்லெர்' 2019இல் வட ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான நோர்டிக் கவுன்சிலின் சிறுவர் இலக்கியப் பரிசைப் பெற்றது. பூஜ்யத்தில் தொடங்கி 750 கோடி மனிதர் வரை எண்ணிக்கொண்டு போகும் நூல். ஒரு பக்கத்தில் பார்த்த ஆள் வேறொரு பக்கத்துக் கூட்டத்தில் மறுபடி நிற்பார். அவரைத் தேடிப் பிடிப்பதுதான் அந்த வாசிப்பு. நேரமாகிறதே என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பினால், விரலால் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கதை அறுந்துபோகும்.

நோர்வே மொழியின் இரண்டு எழுத்து வடிவங்களில் ஒன்றான நீநோர்ஷ்க் என்றால் ஒதுக்குவது

அதில் எழுதும் சிறுவர் எழுத்தாளர் மரியா பாரை இழப்பீர்கள்.

படநூல் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைப்பது

14 வயதுக்காரர்களும் 'சின்னா மன்'னை விட்டு எழும்ப மாட்டார்கள்.

பதின்வயதினருக்கு "உன்னைப் பற்றிய புத்தகம்" என்று நீட்டுவது

குல்ராய்ஸ் ஷரீஃபின் 'ஹோர் ஹெரா' (2020) அருமையான நாவல். ஒஸ்லோப் புறநகரில் 15 வயது மஹ்மூத், பாகிஸ்தானிலிருந்து கோடைக்கு வந்திருக்கும் பெரியவர், தான் ஒரு பெண் என்று உணரும் தம்பி அலி. எல்லாம் அந்தத் தெருவின் பேச்சிலேயே. அதைத் தமிழ்ப் பெண்ணொருத்தியிடம், "வெளிநாட்டுப் பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றியது, உனக்குப் பிடிக்கும்" என்று நீட்டினார் ஒருவர். அவள் மரியாதையாக வாங்கி, மரியாதையாக அலமாரியில் வைத்துவிட்டு, சிரி பெத்தர்சனின் 'ஊதின்ஸ்பார்ன்'னை எடுத்துக்கொண்டு போனாள். எல்லோருக்கும் வால் இருக்கும் ஓர் உலகத்தில் வால் இல்லாமல் வாழும் பெண்ணின் கதை அது.

இந்த வயதுக்காரர்களுக்கு முகவரி ஒட்டிக் கொடுக்காதீர்கள். கதை என்ன என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். ஒஸ்லோவில் 2016இல் திறந்த பிப்லோ தோயன் நூலகம் 10 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும். பெரியவர்களுக்கு உள்ளே இடமில்லை. பதின்வயதினரே தேர்ந்தெடுக்கும் ஊப்பிரீசென் பரிசும் இருக்கிறது. எதைக் கொடுப்பது என்று தெரியாவிட்டால் அந்தப் பரிசுக்கு வந்த நூல்களைப் பாருங்கள்.

விலையைப் பார்த்துத் தயங்குவது

வாங்கத் தேவையில்லை. உங்கள் கிளையில் இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள், கேட்டால் போதும்.