ஹெசரகட்டா மண்பாதையில் சைக்கிள்: முதலில் காற்றைக் குறையுங்கள்

பெங்களூர் பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜாலஹள்ளி வீட்டிலிருந்து சைக்கிளை எடுத்தால், தும்கூர் சாலையில் எட்டாவது மைலில் திரும்பி, சிக்கபாணாவரா, சோலதேவனஹள்ளி தாண்டி ஏழு மணிவாக்கில் ஹெசரகட்டா ஏரிக்கரையில் நிற்பேன். சேஷாத்ரி ஐயர் மைசூர் திவானாக இருந்தபோது, பெங்களூரின் குடிநீருக்காக 1894-இல் அர்க்காவதி ஆற்றை மறித்து உண்டாக்கிய ஏரி அது. அதற்கு அந்தப் பக்கம் புல்வெளி, தைலமரத் தோப்பு, ராகி வயல், இவற்றுக்கு நடுவே செம்மண் பாதைகள். பெரிய ஏற்றம் கிடையாது. சரளைக்கல்லும் மண்ணும் கலந்த பாதையில் ஓட்டப் பழக பெங்களூரைச் சுற்றி இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இதற்கென்று கிராவல் சைக்கிள் என்றே தனியாக விற்கிறார்கள். வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஆனால் நான் ஒன்பது வருடமாக ஓட்டுவது சாதாரண ஹைப்ரிட், அதாவது ரோடு சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்டது. அகலமான டயர் நுழைய இடம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். 38 முதல் 42 மி.மீ. டயர் போதும். டயர் மேல் அச்சடித்த அளவை நம்ப வேண்டாம். என் டயரில் 40 என்று போட்டிருக்கிறது. மாட்டிக் காற்றடித்து வெர்னியர் வைத்துப் பார்த்தால் 38.5 தான். ரிம் அகலத்துக்கு ஏற்ப அது மாறும். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரண்டு பக்கமும் 6 மி.மீ. இடைவெளியாவது விடுவது என் வழக்கம்.

சரி, காற்றுக்கு வருவோம். மண்பாதையில் பாதி சுகமும் பாதி கஷ்டமும் அதில்தான் இருக்கிறது. முதல் வருடம் தெருமுனைக் கடையில் டயரைக் கல்லு மாதிரி அடித்துக் கொடுத்தார்கள், நானும் அதுதான் சரி என்று ஓட்டினேன். தோப்புக்குள் ஒவ்வொரு வேரும் மணிக்கட்டில் இடித்தது. வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைய விரல் மடங்காது. கெட்டியான டயர் கல்லின் மேல் துள்ளும். துள்ளும் நேரத்தில் அதற்குப் பிடிமானம் இல்லை, நீங்கள் மிதிப்பதும் வீண். காற்று குறைந்த டயர் கல்லைச் சுற்றி அமுங்கிக் கொடுத்து முன்னே போகும்.

அளவை இப்படிக் கண்டுபிடியுங்கள். மீட்டர் வைத்த பம்ப் ஒன்று வாங்குங்கள், எப்போதும் அதே பம்பில் பாருங்கள், ஏனென்றால் மீட்டருக்கு மீட்டர் வித்தியாசம் வரும். இரண்டு டயரிலும் 45 பிஎஸ்ஐ வையுங்கள் (பெட்ரோல் பங்க்கில் பாயிண்ட் என்பார்களே, அதுதான்). மோசமான பாதையில் அரை கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்து, அதே வேகத்தில் போய் வாருங்கள். மூன்று பிஎஸ்ஐ குறைத்து மறுபடி அதே பாதை. இப்படியே குறைத்துக்கொண்டு வந்தால், ஒரு கட்டத்தில் கல்லில் ரிம் ‘டக்’கென்று தட்டும். அங்கே நிறுத்தி, மூன்று ஏற்றிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவு. பின்சக்கரத்தில் உடல் எடை அதிகம் இறங்குவதால் அதற்கு முன்சக்கரத்தைவிட மூன்று நான்கு கூடுதல் வேண்டும். 74 கிலோ எடைக்கு, டியூப் போட்ட 40 டயரில் எனக்கு முன்னால் 34, பின்னால் 38. 55 கிலோ உள்ள என் மகளுக்கு 28, 31. தார் சாலையில் இந்தக் காற்றோடு கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை.

பஞ்சர் ஆனால் டியூபைப் பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லிவிடும். பக்கத்தில் பக்கமாக இரண்டு ஓட்டை என்றால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது, காற்று போதவில்லை. ஒற்றை ஓட்டை என்றால் முள். இந்தப் பக்கம் நெருஞ்சியும் உண்டு, வேலிக்கு வெட்டிப் போட்ட முள்ளும் உண்டு. மாற்று டியூப் இரண்டு, ஒட்டு, சொல்யூஷன், கைப்பம்ப் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. உள்ளே பஞ்சர் கடை கிடையாது.

ஓட்டும் விதம். டிராக்டர் போன பாதையில் இரண்டு தடம் இருக்கும், நடுவே புல் மேடு. ஒரு தடத்தைப் பிடித்தால் அதிலேயே போங்கள். அடிக்கடி மாறினால் மேட்டில் முன்சக்கரம் வழுக்கும். மணல் வருவது தெரிந்தால், அதற்கு முன்னாலேயே ஒரு கியர் இலகுவாக்கி, இடுப்பைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, நிறுத்தாமல் மிதியுங்கள். மணலுக்குள் பிரேக்கும் பிடிக்கக் கூடாது, ஹேண்டில்பாரையும் ஒடிக்கக் கூடாது. முன்சக்கரம் ஆடத்தான் செய்யும், ஆடட்டும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பவர்தான் விழுகிறார். பார்வை பத்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், டயருக்கு முன்னால் அல்ல.

தைலமரத் தோப்பில் வேறு கவனம் வேண்டும். காய்ந்த இலை அடர்ந்து கிடக்கும், அடியில் குழி இருப்பது தெரியாது. திருப்பங்களில் சைக்கிளைச் சாய்க்காமல் நிமிர்த்தியே திருப்புங்கள். எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருப்பதால் வழி தவறுவதும் எளிது. போகும்போது வெயில் எந்தத் தோளில் விழுந்தது என்று நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

சமதரை என்றால் சுலபம் என்று நினைக்காதீர்கள். மலைப்பாதையில் இறக்கத்தில் கால் ஓய்வெடுக்கும். இங்கே இறக்கமே இல்லாததால் மூன்று மணி நேரமும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், சீட்டில் ஒரே இடம் அழுந்தி வலிக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று இருபது மிதி மிதியுங்கள். திறந்த வெளியில் பத்து மணிக்கு மேல் காற்றும் எதிர்க்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, ஊருக்குள் தட்டு இட்லி கிடைக்கும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மண் இறுகி, பாதை அருமையாக இருக்கும். மழை பெய்து இரண்டு நாள் ஆகாமல் போகாதீர்கள். ஒரு அக்டோபரில் நானும் மச்சானும் போய், செம்மண் களி டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அடைத்து, சக்கரம் சுற்றாமல் மூன்று கிலோமீட்டர் சைக்கிளைத் தோளில் சுமந்தோம். அன்று நாங்கள் கிழித்த தடம் ஜனவரியிலும் அங்கே காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை.

ஏனென்றால் அந்தப் புல்வெளி வெற்றிடம் இல்லை. பார்க்கிறவர்கள் தரிசு என்று சொல்லிவிடுவார்கள். வானம்பாடி தரையில்தான் கூடு வைக்கும், பக்கத்தில் நின்றாலும் அது கண்ணுக்குத் தெரியாது. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வந்து புல்லுக்குள்ளேயே இரவு தங்கும். இங்கே 5,000 ஏக்கருக்கும் அதிகமான பரப்பைப் பாதுகாக்க 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதனால் ஏற்கெனவே வண்டி போகிற பாதையை விட்டு ஒரு சக்கரம்கூடப் புல்லில் இறங்கக் கூடாது. காவலாளி திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுங்கள், சுற்றிலும் ஊர்ப்பாதைகள் ஏராளம். ஆட்டு மந்தை வந்தால் இறங்கி ஓரமாக நில்லுங்கள். நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வைத்து மெதுவாக நடங்கள். அந்த நாய் ஆட்டைக் காக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். அப்புறம் டயரைக் கழற்றி, உள்பக்கம் முழுக்கப் பஞ்சை உருட்டித் தடவுங்கள். முள் முனை எங்கே இருந்தாலும் பஞ்சு அங்கே மாட்டும். அதைக் குறடால் வெளிப்பக்கமிருந்து இழுத்து எடுத்துவிட்டால், அடுத்த ஞாயிறு அதே ஓட்டையில் மறுபடி பஞ்சர் ஆகாது.