கியர்பாக்ஸில் ரோஸ்மில்க்: தண்ணீர் புகுந்த பழைய ஆட்டோமேட்டிக் வண்டியை என்ன செய்வது?

ஐப்பசி பிறந்து வாய்க்காலும் ரோடும் ஒன்றாகிவிட்டால் பட்டறைக்கு இந்த போன் வந்துவிடும். போன மழையில் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தம்பி. “அண்ணே, டி-யில போட்டா வண்டி யோசிச்சு யோசிச்சுக் கிளம்புது.” பழைய ஆட்டோமேட்டிக் கார், வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகிறது. கியர்பாக்ஸ் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவிப் படம் அனுப்பச் சொன்னேன். கண்ணாடி மாதிரி சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில், ரோஸ்மில்க் நிறத்தில் நுரைத்திருந்தது. தண்ணீர் கலந்த அடையாளம்.

“ஸ்டார்ட் பண்ணாதே. சாவியை வீட்டுக்குள்ள வை.”

இதுதான் முதல் வேலை. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளின் மேல் காகிதம் போன்ற லைனிங் பசையால் ஒட்டியிருக்கும். தண்ணீர் ஊறினால் லைனிங் உப்பும், பசை விடும். அப்புறம் ஓட்ட ஓட்ட நனைந்த அப்பளமாகப் பிய்ந்து வரும். பட்டறைக்குக் கொண்டுபோவதானாலும் கயிறு கட்டி இழுக்காமல் லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

அடுத்து, உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். 2014-இல் செலேரியோவோடு வந்த ஏஎம்டி, உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் இயந்திரமே மாற்றும். அதில் கியர் ஆயிலை வடித்து மாற்றுவது சுலபம். சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் வகை) என்றால் அதற்கென்று தனி ஆயில் உண்டு, வேறு எதையும் ஊற்றக் கூடாது. நான் கீழே சொல்வது டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு, அதாவது எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வகைக்கு. பழைய டிசையர், எர்டிகா, சியாஸில் வந்த 4 கியர் ஆட்டோமேட்டிக் இந்த ரகம்.

தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடிக்காமல் புது ஆயில் வாங்காதீர்கள். எஞ்சின் நன்றாக ஆறியபின் கூலன்ட் டப்பாவைத் திறந்து பாருங்கள். அங்கேயும் எண்ணெய்ப் படலம் மிதந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். ரேடியேட்டரை மாற்றி, கூலர் ஹோஸ்களையும் கழுவ வேண்டும். கூலன்ட் சுத்தமாக இருந்தால் பிரீதர் (கியர்பாக்ஸ் மூச்சுவிடும் துளை) வழியாகவோ டிப் ஸ்டிக் குழாய் வழியாகவோ வெள்ளம் இறங்கியிருக்கலாம். பிரீதர் ஹோஸ் கழன்று தொங்குகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.

நிறத்தைப் பார்த்து முடிவுக்கு வர முடியவில்லையா? பழைய இரும்புத் தகடு ஒன்றை வெளியே வைத்துச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, தள்ளி நின்று ஒரே ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தாளிக்கும்போது கடுகு வெடிக்கிற மாதிரி படபடத்தால் தண்ணீர் இருக்கிறது. வீட்டு தோசைக்கல்லை எடுத்துத் திட்டு வாங்கினால் நான் பொறுப்பில்லை.

இப்போது வடிப்பது. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். டிரெயின் போல்ட்டைக் கழற்றி, வடிந்த ஆயிலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸின் அடித்தட்டான சேம்பரைக் கழற்ற முடிகிற வண்டியில் கழற்றி, உள்ளே இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லோ, கறுப்பாக லைனிங் துண்டோ கிடந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கியர்பாக்ஸைப் பிரித்து பிளேட் மாற்ற வேண்டிய வேலை அது. அதில் புது ஆயில் ஊற்றுவது காவிரியில் காசு போடுவது மாதிரி, புண்ணியம்கூடக் கிடைக்காது.

துண்டு எதுவும் இல்லையென்றால் ஃபில்டரும் கேஸ்கெட்டும் புதிதாகப் போட்டு, வடிந்த அளவுக்கே கம்பெனி சொன்ன ரக ஆயிலை ஊற்றுங்கள். “ஒரு தடவை மாத்தியாச்சே” என்று இதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது போல்ட்டைக் கழற்றினால் வராது. மொத்தம் 6 லிட்டர், வடிந்தது 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவைக்குப் பின் பாதி அழுக்கு உள்ளேயே இருக்கும். இரண்டாவதில் கால் பங்கு, மூன்றாவதில் அரைக்கால், நான்காவதில் சுமார் 6 சதவீதம். அரிசி களைகிற கணக்குதான். முதல் கழுநீர் வெள்ளையாகத்தான் வரும், தெளிகிறவரை களைய வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் ஊற்றியபின் வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அழுத்தியபடியே பி, ஆர், என், டி என்று லிவரை மெதுவாக நகர்த்துங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு விநாடி போதும். எஞ்சினை நிறுத்தி மறுபடி வடியுங்கள். கடைசித் தடவை ஆயில் தெளிந்த சிவப்பாக வர வேண்டும். லெவலை மட்டும் உங்கள் வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும் சூட்டில், அது சொல்கிற முறையில் பாருங்கள்.

திருத்துறைப்பூண்டி தம்பியின் வண்டிக்கு நான்கு தடவை ஆனது. மழைத் தண்ணீரில் ஓட்டிய மறுநாளே போன் செய்திருந்ததால் பிளேட் தப்பியது. பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். மீண்டும் ரோஸாக வந்தால் ஏதோ ஒரு வழியை அடைக்காமல் விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். சிவப்பாகத்தான் இருந்தது.

வடித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள், அது நேராக யாருடைய நாற்றங்காலுக்கோ போகும். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்க வருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.