மண்டிப் பலகையில் சறுக்கும் மூட்டை: சாய்தளக் கணக்கைப் போடும் முறை

மதுரை கீழமாரட் வீதியில் வெங்காய மண்டி ஒன்றின் வாசலில் லாரி நிற்கிறது என்றும், அதன் தளத்திலிருந்து தரைக்கு ஒரு மரப்பலகை சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். லாரித் தளத்தின் உயரம் 1.2 மீட்டர், பலகையின் நீளம் 2 மீட்டர், மூட்டையின் நிறை 50 கிலோகிராம். பலகையின் உச்சியில் வைத்து விடப்பட்ட மூட்டை தானாகச் சறுக்குமா, சறுக்கினால் எவ்வளவு வேகத்தில் தரையைத் தொடும் என்பதே கேள்வி. உராய்வுக் குணகம் என்பது, பலகை தாங்கும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகும் என்பதைக் காட்டும் எண். சாக்குக்கும் மரத்துக்கும் இடையிலான ஓய்வுநிலை உராய்வுக் குணகத்தை (மூட்டை நகராதபோது, அதிகபட்ச அளவு) 0.5 என்றும், இயக்க உராய்வுக் குணகத்தை (மூட்டை சறுக்கும்போது) 0.4 என்றும் கணக்குக்காக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் படம் வரைய வேண்டும். லாரியையும் பலகையையும் அழகாக வரைவதில் பயனில்லை. மூட்டையை ஒரு கட்டமாக வரைந்து, அதன்மீது செயல்படும் விசைகளை மட்டும் அம்புக்குறிகளாகக் காட்டினால் போதும். எடை நேர்கீழாக இழுக்கிறது. பலகை தன் பரப்புக்குச் செங்குத்தாக மூட்டையைத் தாங்குகிறது. உராய்வு பலகையை ஒட்டி மேல்நோக்கித் தடுக்கிறது. விசைகள் இந்த மூன்றுதான். ‘கீழே இழுக்கும் விசை’ என்று நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பது பலரும் செய்யும் பிழை. அது தனி விசையன்று, எடையின் ஒரு கூறே.

அடுத்து அச்சுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிடையாகவும் நேராகவும் அச்சுகளை வரைந்து பழகிய கை இங்கும் அப்படியே வரையப் போகும். ஆனால் மூட்டை பலகையை ஒட்டி மட்டுமே நகரக்கூடியது என்பதால், ஓர் அச்சைப் பலகையின் வழியாகக் கீழ்நோக்கியும் மற்றொன்றைப் பலகைக்குச் செங்குத்தாகவும் வைத்தால், முடுக்கம் முழுவதும் முதல் அச்சில் அடங்கிவிடும். இரண்டாம் அச்சில் விசைகள் சமன்படும். சாய்தளக் கணக்கில் பாதி உழைப்பை மிச்சப்படுத்துவது இந்த ஒரு முடிவுதான்.

இனி எடையைப் பிரிப்போம். எடை என்பது நிறை × புவியீர்ப்பு முடுக்கம், அதாவது 50 × 9.8 = 490 நியூட்டன். சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு (உயரம் ÷ பலகை நீளம்) 1.2 ÷ 2 = 0.6, பிதாகரஸ் தேற்றப்படி அடிப்பக்கம் 1.6 மீட்டர் என்பதால் காஸ் மதிப்பு (அடிப்பக்கம் ÷ பலகை நீளம்) 0.8. கோணம் ஏறத்தாழ 37 பாகை என்றாலும், அது எத்தனை பாகை என்பது இக்கணக்குக்குத் தேவையே இல்லை.

பலகை வழியான கூறு = 490 × 0.6 = 294 நியூட்டன்
பலகைக்குச் செங்குத்தான கூறு = 490 × 0.8 = 392 நியூட்டன்

எதற்குச் சைன், எதற்குக் காஸ் என்று குழம்புபவர்கள் பலகையை மனத்தில் தரையோடு தரையாகப் படுக்க வைத்துப் பார்க்கலாம். கோணம் சுழியாகும்போது மூட்டையைச் சறுக்க வைக்கும் இழுப்பும் சுழியாக வேண்டும். சுழிக் கோணத்தில் சுழியாவது சைன்தான். மனப்பாடத்தைவிட இந்தச் சோதனை நம்பகமானது.

உடனே முடுக்கத்தைக் கணக்கிடப் பாய்ந்துவிடக் கூடாது. மூட்டை நகருமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பலகை மூட்டையைத் தாங்கும் செங்குத்து விசை, எடையின் செங்குத்தான கூறுக்குச் சமமாக 392 நியூட்டன் என்பதால் ஓய்வுநிலை உராய்வு அதிகபட்சம் 0.5 × 392 = 196 நியூட்டன் வரைதான் தடுக்கும். இழுப்போ 294 நியூட்டன். ஆகவே மூட்டை சறுக்கும்.

சறுக்கத் தொடங்கியபின் இயக்க உராய்வு 0.4 × 392 = 156.8 நியூட்டன். நிகர விசை 294 − 156.8 = 137.2 நியூட்டன். நியூட்டனின் இரண்டாம் விதிப்படி இதை நிறையால் வகுத்தால் முடுக்கம் 2.744 மீட்டர்/வினாடி² என வரும். ஓய்விலிருந்து 2 மீட்டர் சறுக்கும்போது திசைவேகத்தின் வர்க்கம் (2 × முடுக்கம் × தூரம்) 2 × 2.744 × 2 = 10.976, எனவே வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3.3 மீட்டர், எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 1.2 வினாடி.

விடையை ஆற்றல் வழியாகச் சரிபார்க்கலாம். உயரத்தால் கிடைத்த ஆற்றல் 490 × 1.2 = 588 ஜூல்; உராய்வு தின்றது 156.8 × 2 = 313.6 ஜூல், மிஞ்சுவது 274.4 ஜூல். இயக்க ஆற்றலைத் தனியே கணக்கிட்டாலும் ½ × 50 × 10.976 என அதே 274.4 ஜூல் வருகிறது.

உராய்வே இல்லையென்றால் முடுக்கம் 9.8 × 0.6 = 5.88 மீட்டர்/வினாடி² ஆகியிருக்கும்; அதில் நிறைக்கு இடமே இல்லை, 50 கிலோ மூட்டைக்கும் 5 கிலோ மூட்டைக்கும் அது ஒன்றுதான். நேரே விழுவதைவிட இது மெதுவான இயக்கம் என்பதால்தான், துல்லியமான கடிகாரம் இல்லாத காலத்தில் கலிலியோ சாய்ந்த பலகையில் குண்டுகளை உருட்டி, வடியும் நீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். அந்த ஆய்வை விவரிக்கும் அவருடைய நூல் 1638-இல் வெளிவந்தது.

இப்போது அதே லாரிக்கு 4 மீட்டர் பலகையைப் போடுங்கள். சைன் 0.3, காஸ் ஏறத்தாழ 0.954. இழுப்பு 147 நியூட்டனாகக் குறைகிறது. செங்குத்து விசை 467.4 ஆக உயர்வதால் ஓய்வுநிலை உராய்வு 233.7 நியூட்டன் வரை தாங்கும். மூட்டை அசையாது. இங்கே முடுக்கத்தைக் கணக்கிட முனைந்தவருக்கு எதிர்க்குறி விடை வந்து, மூட்டை தானாகவே பலகையில் மேலேறுவதாகத் தாளில் பொருள்படும். அசையாத பலகையின் உராய்வு எதிர்த்து நிற்குமே தவிர, மூட்டையை ஓட்டிச் செல்லாது. அப்போது அது தேவையான 147 நியூட்டனை மட்டும் கொடுத்துச் சும்மா இருக்கும். அந்த மூட்டையை இறக்க நிற்கும் லோடுமேன், பலகையை ஒட்டிக் கீழ்நோக்கி 87 நியூட்டனுக்குச் சற்று மேல் தள்ளினால்தான் அது கிளம்பும். கிளம்பியபின் சீரான வேகத்தில் கொண்டுசெல்ல ஏறத்தாழ 40 நியூட்டன் போதும், கையை எடுத்தால் வழியிலேயே நின்றுவிடும்.